நீலம், கெம்பு, புஷ்பராகம்: ஆய்வகத்துக்கு அனுப்பும் முன் பட்டறையிலேயே எவ்வளவு தூரம் கண்டுபிடிக்கலாம்?

தங்கப்பட்டறை:

வணக்கம். மோதிரத்தில் பதிக்க வந்திருக்கும் மூன்று தனிக் கற்களைப் பற்றிய கேள்வி. வாங்கிய ரசீது எதற்கும் இல்லை.

நீலக்கல்: ஓவல் வெட்டு, 5.10 காரட். லூப்பில் (கைப் பூதக்கண்ணாடியில்) பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை, அவ்வளவு சுத்தம்.
சிவப்புக்கல்: ‘கெம்பு’ என்று சொல்லித் தந்தது, 3.85 காரட். நல்ல நிறம், ஆனால் உள்ளே நிறைய வெடிப்புக் கோடுகள்.
மஞ்சள் கல்: ‘கனக புஷ்பராகம்’, 6.20 காரட். ஓரத்தில் மெல்லிய மூட்டம்.

கையில் இருப்பவை 10 மடங்கு லூப், 0.001 கிராம் காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு, 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், ஒரு போலராய்டு வெயில் கண்ணாடி. ஒளிவிலகல் எண்ணை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் இல்லை.

இவற்றை வைத்துக்கொண்டு எது என்ன கல் என்று சொல்ல முடியுமா? இயற்கையா செயற்கையா என்பதை எந்தக் கட்டம் வரை நம்பலாம்? பொடி வைத்து நெருப்பால் ஊதிப் பற்றவைக்கும்போது எந்தக் கல் தாங்கும், எது தாங்காது?

---

ஒப்படர்த்தி:

முதலில் நிறத்தை மறந்துவிடுங்கள். நீல நிறத்தில் நீலக்கல் வரும், ஸ்பைனல் வரும், அயோலைட் வரும், டான்சனைட், கயனைட், கண்ணாடி எல்லாம் வரும். சிவப்பிலும் மஞ்சளிலும் இதே கதைதான். முதல் கேள்வி ‘இது என்ன கனிமம்’ என்பது. ‘இயற்கையா, செயற்கையா’ இரண்டாவது. ‘சூடு காட்டியதா, ஏதாவது நிரப்பியதா’ மூன்றாவது. இந்த வரிசையை மாற்றினால் குழப்பம்தான்.

முதல் கேள்விக்கு உங்கள் தராசே போதும், ஒப்படர்த்தி பாருங்கள், அதாவது அதே பருமனுள்ள நீரைப் போல் கல் எத்தனை மடங்கு எடை என்பதை. நீலம், கெம்பு, கனக புஷ்பராகம் மூன்றுமே ஒரே கனிமம்: கொரண்டம், அதாவது அலுமினியம் ஆக்சைடு. ஒப்படர்த்தி 4.00. இயற்கைக் கல்லுக்கும் செயற்கைக் கல்லுக்கும் இதே எண்தான்.

தராசின் மேல் இருமல் சிரப் பாட்டிலோடு வரும் சிறிய அளவுக் கோப்பையை வையுங்கள். இந்த வகைத் தராசுகள் பெரும்பாலும் 20 அல்லது 50 கிராமுக்கு மேல் தாங்காது, டம்ளர் வேண்டாம். கொதித்து ஆறிய நீரை முக்கால் பங்கு ஊற்றி, பாத்திரம் கழுவும் திரவத்தை ஊசி முனையால் தொட்டு ஒரு பொட்டு சேருங்கள். கல்லின் மேல் காற்றுக்குமிழி ஒட்டாமல் இருக்க அது வேண்டும். பழைய இயர்போன் வயரைப் பிரித்தால் கிடைக்கும் மயிர் போன்ற செம்புக் கம்பியில் ஒரு சின்ன வளையம் செய்து, தராசைத் தொடாத ஒரு தாங்கியிலிருந்து நீருக்குள் தொங்கவிட்டு, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். பிறகு கல்லை அந்த வளையத்தில் வைத்து, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் முழுதாக மூழ்கும்படி அதே ஆழத்தில் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டுவது கல்லின் எடை இல்லை, கல் ஒதுக்கிய நீரின் எடை. கல்லின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் ஒப்படர்த்தி.

நம் ஊர் வெப்பத்தில் ஒரு சிறு திருத்தம் உண்டு. 30 டிகிரியில் நீரின் அடர்த்தி 0.9957. வகுத்து வந்த விடையை இதால் பெருக்குங்கள். 4.02 என்று வந்தது 4.00 ஆகும்.

உங்கள் கற்கள் கொரண்டமாக இருந்தால் வர வேண்டிய எண்கள்:

நீலம்: 5.10 காரட் என்றால் 1.020 கிராம், நீரில் 0.254 காட்ட வேண்டும்.
சிவப்பு: 0.770 கிராம், நீரில் 0.192.
மஞ்சள்: 1.240 கிராம், நீரில் 0.309.

நீலக்கல் சாதாரணக் கண்ணாடியாக இருந்தால் 0.40 பக்கம் போகும். அயோலைட் என்றால் 0.389, டான்சனைட் 0.303, ஸ்பைனல் 0.282. இடைவெளி இவ்வளவு பெரிதாக இருப்பதால்தான் சாதாரணத் தராசிலும் இந்தச் சோதனை நிற்கிறது. ஒரு காரட்டுக்குக் கீழே உள்ள கல்லுக்கு மட்டும் நம்பாதீர்கள். அங்கே 0.002 கிராம் பிசகினாலே விடை நான்கு சதவீதத்துக்கு மேல் ஓடிவிடும்.

தவறு எங்கே நடக்கும் என்றால், முதலில் மின்விசிறி. காற்று தராசுத் தட்டையும் அசைக்கும், நீரையும் ஆவியாக்கும். மில்லிகிராம் கணக்கில் பார்க்கும்போது நீர் ஆவியாவதே எண்ணில் தெரியும், அதனால் ஒவ்வொரு முறையும் பூஜ்யமாக்கிவிட்டு உடனே கல்லை இறக்குங்கள். அடுத்தது தையல் நூல். அது நீரை உறிஞ்சும். கல்லில் ஒட்டியிருக்கும் மெழுகும் அரக்கும் குழிக்குள் மாட்டிய குமிழியும் ஒப்படர்த்தியைக் குறைத்துக் காட்டும். ஒவ்வொரு கல்லையும் ஐந்து முறை எடுத்து, நடுவில் வரும் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

---

தங்கப்பட்டறை:

மிக்க நன்றி ஐயா. ஐந்து ஐந்து முறை எடுத்துப் பார்த்தாயிற்று. நீலம் 0.279. சிவப்பு 0.191. மஞ்சள் 0.309. அப்படியென்றால் நீலக்கல் நீலக்கல்லே இல்லையா?

---

ஒப்படர்த்தி:

இல்லை. 1.020-ஐ 0.279-ஆல் வகுத்து, 0.9957-ஆல் பெருக்கினால் 3.64. கொரண்டத்துக்கும் அதற்கும் நடுவே உள்ள தூரம் தராசுப் பிழையால் வரக்கூடியது இல்லை. 3.64 என்பது சுடரில் உருக்கிச் செய்யும் செயற்கை ஸ்பைனலின் எண். இயற்கை ஸ்பைனல் 3.60, கயனைட் 3.68. இந்த மூன்றையும் உங்கள் தராசால் மட்டும் பிரிக்க முடியாது, 0.002 கிராம் இப்படியோ அப்படியோ போனாலே எண் 3.61-க்கும் 3.67-க்கும் நடுவில் ஆடும். அடுத்த சோதனை ஒளியில்.

லேப்டாப்பின் எல்.சி.டி. திரையில் வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். அந்தத் திரையிலிருந்து வருவது ஏற்கெனவே ஒரே தளத்தில் அதிரும் ஒளி. போலராய்டு கண்ணாடியை அதன் முன்னே பிடித்து மெதுவாகத் திருப்பினால் ஒரு நிலையில் திரை இருண்டுவிடும். அந்த நிலையில் நிறுத்தி, திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே சாமணத்தில் கல்லைப் பிடித்து, கல்லை மட்டும் ஒரு முழுச்சுற்று திருப்புங்கள்.

ஒரு சுற்றில் நான்கு முறை வெளிச்சம், நான்கு முறை இருட்டு என்று மாறி மாறி வந்தால் இரட்டை விலகல் உள்ள கல், அதாவது ஒளியை இரண்டு கதிராகப் பிரிக்கும் கல். கொரண்டம், கயனைட், டான்சனைட், அயோலைட், குவார்ட்ஸ் எல்லாம் இதில் வரும். எப்படித் திருப்பினாலும் இருட்டாகவே இருந்தால் ஒற்றை விலகல்: ஸ்பைனல், கார்னெட், கண்ணாடி. செயற்கை ஸ்பைனல் மட்டும் ஒரு தனி அடையாளம் காட்டும். முழு இருட்டாகாமல், கோரைப்பாய்ப் பின்னல் மாதிரி குறுக்கும் நெடுக்குமான சாம்பல் பட்டைகள் கல்லுக்குள் ஊர்ந்து போகும். படிகத்துக்குள் இறுகி நிற்கும் அழுத்தம்தான் அப்படித் தெரிகிறது. இயற்கை ஸ்பைனலை விட அதில் அலுமினா கூடுதலாகச் சேர்ப்பதால் வருவது. ஒப்படர்த்தி 3.60-இலிருந்து 3.64 ஆவதற்கும் அதுவே காரணம்.

ஒரு எச்சரிக்கை: இரட்டை விலகல் கல்லுக்கும் ஒளி அச்சு என்று ஒரு திசை உண்டு. அந்த வழியாகப் பார்த்தால் ஒற்றை விலகல் கல் போலவே நடந்துகொள்ளும். அதனால் ஒரே நிலையில் பார்த்து முடிவு கட்டாதீர்கள். மேல் பட்டை வழியாக, பக்கவாட்டில், சாய்த்து என மூன்று நிலைகளிலாவது பாருங்கள்.

பிறகு 365 டார்ச். கோபால்ட்டால் நிறம் ஏற்றிய செயற்கை நீல ஸ்பைனல் பெரும்பாலும் சிவப்பாக ஒளிரும். செல்சி ஃபில்டர் என்னும் மலிவான வடிகட்டி ஒன்று கிடைத்தால் அதன் வழியாகவும் பாருங்கள். இந்த ஸ்பைனலும் கோபால்ட் நீலக் கண்ணாடியும் சிவப்பாகத் தெரியும், சாதாரண நீலக்கல் அப்படிச் சிவக்காது. வெள்ளை எல்.ஈ.டி. விளக்கில் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். அதில் ஆழ்ந்த சிவப்பு ஒளி குறைவு. பழைய குண்டு பல்பு அல்லது ஹாலஜன் வெளிச்சத்தில் செய்ய வேண்டிய சோதனை அது.

---

கல்லாசை:

இடையில் ஒரு சந்தேகம். நீலத்தைப் பாலில் போட்டால் பால் நீலமாகத் தெரிய வேண்டும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். கண்ணாடியில் கீறிப் பார்ப்பதும் உண்டு. இவை சரியா?

---

ஒப்படர்த்தி:

பால் சோதனை நீல நிறம் இருக்கிறது என்பதை மட்டும்தான் காட்டும். வெளிச்சம் நீலமான ஒன்றின் வழியே போய்ப் பாலில் சிதறுகிறது, அவ்வளவே. நீலக் கண்ணாடியும் செயற்கை ஸ்பைனலும் இதையே செய்யும். நிறம் ஆழமாக இருந்தால் இன்னும் நன்றாகவே செய்யும்.

கீறுவதை நிறுத்துங்கள். சாதாரணக் கண்ணாடியின் கடினம் ஐந்தரை. குவார்ட்ஸ் 7, ஸ்பைனலும் புஷ்பராகம் எனப்படும் டோபாஸும் 8, கொரண்டம் 9. எல்லாமே கண்ணாடியைக் கீறும், ஆகவே எதையும் பிரித்துக் காட்டாது. கீறும்போது கல்லின் பட்டை விளிம்பு சிதறினால் நஷ்டம் வாடிக்கையாளருக்கு.

புஷ்பராகம் என்ற பெயரைச் சொன்னதால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் வழக்கில் அந்தப் பெயர் இரண்டு கனிமங்களுக்கு ஓடுகிறது. டோபாஸையும் புஷ்பராகம் என்கிறார்கள், மஞ்சள் கொரண்டத்தையும் புஷ்பராகம், கனக புஷ்பராகம் என்கிறார்கள். போதாக்குறைக்கு மஞ்சள் குவார்ட்ஸான சிட்ரினும் அதே பெயரில் கைமாறுகிறது. ஒப்படர்த்தியில் மூன்றும் தூரத் தூர நிற்கின்றன: சிட்ரின் 2.65, டோபாஸ் 3.53, கொரண்டம் 4.00. வைடூரியத்திலும் இதே சிக்கல். உண்மையான வைடூரியம் கிரைசோபெரில், 3.73. பூனைக்கண் குவார்ட்ஸ் 2.65. ரசீதில் வழக்குப் பெயரோடு கனிமப் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். விலை வித்தியாசம் முழுவதும் அந்த இரண்டாவது பெயரில்தான் இருக்கிறது.

---

தங்கப்பட்டறை:

நீலக்கல்லில் பாய்ப் பின்னல் தெளிவாகத் தெரிகிறது, மூன்று நிலையிலும். 365 டார்ச்சில் சிவப்பாக ஒளிர்கிறது. அது முடிந்தது.

சிவப்புக்கல் 4.01 வருகிறது. திரை முன்னால் பிடித்தால் இருட்டாகிற மாதிரியும் இருக்கிறது, வெடிப்புகள் ஒளிர்கிற மாதிரியும் இருக்கிறது, முடிவாகச் சொல்ல முடியவில்லை.

---

ஊதுகுழல்:

சிவப்புக்கல்லை அவசரப்பட்டு ஊதும் நெருப்பின் பக்கம் கொண்டுபோகாதீர்கள், நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் எனக்குச் சந்தேகம் தருகின்றன.

4.01 என்றதும் கெம்பு என்று முடிவு கட்டவும் முடியாது. அல்மண்டைன் கார்னெட்டின் ஒப்படர்த்தியும் இந்த எல்லைக்குள் வரும். வெடிப்பு அதிகமுள்ள கல்லில் போலராய்டு சோதனை உங்களுக்கு வந்தது போலத்தான் குழப்பும், அதனால் வேறு வழியில் பிரியுங்கள். திரை வேண்டாம், வெள்ளைக் காகிதத்தில் கல்லை வைத்து, போலராய்டு கண்ணாடியை மட்டும் கல்லுக்கு மேல் மெதுவாகக் கால் சுற்று திருப்புங்கள். கெம்பு ஒரு நிலையில் ஊதா கலந்த சிவப்பாகவும், 90 டிகிரி திரும்பியதும் செம்மஞ்சள் சாயலுள்ள சிவப்பாகவும் மாறும். கல்லின் பக்கவாட்டிலும் இதைப் பாருங்கள். கார்னெட் எப்படித் திருப்பினாலும் ஒரே சிவப்பு. பிறகு இருட்டில் 365 டார்ச்: கெம்பு கரி நெருப்பு மாதிரி சிவப்பாக ஒளிரும், இரும்புச் சத்து கூடிய கெம்பில் மட்டும் மங்கலாக இருக்கும். அல்மண்டைன் கார்னெட் ஒளிராது.

கெம்பு என்று உறுதியானால் அடுத்த கேள்விதான் முக்கியம்: ஈயக் கண்ணாடி நிரப்பியதா? வெடிப்பு நிறைந்த மலிவான கொரண்டத்துக்குள் ஈயம் மிகுந்த கண்ணாடியை உருக்கி இறக்கிவிடுவார்கள். அந்தக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு) கெம்புக்கு மிக நெருக்கம், அதனால் வெடிப்புகள் கண்ணுக்கு மறைந்து கல் தெளிந்துவிடும். 2004 வாக்கில் சந்தையில் தெரிய ஆரம்பித்தது. இன்று மலிவாகக் கிடைக்கும் பெரிய கெம்புகளில் கணிசமானவை இவைதான்.

லூப்பில் கண்டுபிடிக்க: லூப்பைக் கண்ணோடு ஒட்டிப் பிடியுங்கள், கல் லூப்பிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் தூரம். பின்னால் கருப்புத் துணி, வெளிச்சம் பக்கத்திலிருந்து. ஒரு வெடிப்பைத் தேர்ந்தெடுத்து, அதையே பார்த்தபடி கல்லை ஊசி அசைவதுபோல் முன்னும் பின்னும் சாயுங்கள். ஒரு கோணத்தில் வெடிப்புத் தளம் முழுவதும் நீலமாகவோ ஊதாவாகவோ பளிச்சென்று மின்னி, சற்றே சாய்த்ததும் ஆரஞ்சாகி மறையும். நிரப்பாத வெடிப்பு அப்படிச் செய்யாது. அது வெள்ளியாகவோ வானவில் பட்டைகளாகவோ மின்னும். அடுத்து வெடிப்புக்குள் தட்டையான குமிழிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள், அப்பளத்தில் எழும்பும் கொப்புளம் போல அமுங்கிய வட்டங்கள். கடைசியாக வெளிப் பட்டையில் ட்யூப் லைட்டின் பிரதிபலிப்பை விழவைத்து, வெடிப்பு மேலே வந்து சேரும் கோட்டைக் கவனியுங்கள். கெம்பின் பளபளப்பும் நிரப்பிய கண்ணாடியின் பளபளப்பும் வேறு வேறாக, மங்கிய வாய்க்கால் போல் அந்தக் கோடு தெரியும்.

இந்த மூன்றில் ஒன்று உறுதியாகத் தெரிந்தாலே போதும். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நெருப்பு வரக்கூடாது. கல்லைப் பிடித்து நிற்கும் நகமான பிராங்கைத் திருத்த டார்ச் காட்டினால் உள்ளே இருக்கும் கண்ணாடி உருகி மேலே வியர்த்துவிடும், வெடிப்புகள் எல்லாம் வெள்ளையாகத் தெரிய ஆரம்பிக்கும். ஊதியபின் போடும் திராவகம் கண்ணாடியை அரிக்கும். எலுமிச்சைச் சாறு கூட அரிக்கும், அதனால் மோதிரத்தைத் துலக்க எலுமிச்சையோ புளியோ வேண்டாம் என்று வாடிக்கையாளரிடம் சொல்லியே கொடுக்க வேண்டும். அல்ட்ராசானிக் வேண்டாம், ஆவியும் வேண்டாம். தண்ணீர், லேசான சோப்பு, மென்மையான பிரஷ் போதும்.

இன்னொன்றையும் விலக்கிவிடுங்கள், ஒட்டுக்கல். மேலே இயற்கைக் கல், கீழே செயற்கைக் கெம்பு என்று ஒட்டியிருப்பார்கள். வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக் கல்லைப் போட்டு, பக்கவாட்டில் பாருங்கள். இரண்டு நிறமோ, இடுப்பு விளிம்பருகே ஒரு நேர்கோட்டுத் தளமோ, அந்தத் தளத்தில் மட்டும் பரவிய குமிழிகளோ தெரிந்தால் அது ஒட்டு. இரண்டு பாதியும் கொரண்டமாக இருந்தால் ஒப்படர்த்தி 4.00 என்றே வரும், தராசு இங்கே உதவாது.

---

தங்கப்பட்டறை:

நீங்கள் சொன்ன மாதிரியே சாய்த்துப் பார்த்தால் நீல மின்னல் இரண்டு வெடிப்பில் தெளிவாக இருக்கிறது, பிறகு ஆரஞ்சாக மாறுகிறது. தட்டைக் குமிழியும் ஒன்று. போலராய்டில் நிறமும் மாறுகிறது. ஒட்டு இல்லை. மஞ்சள் கல்தான் மீதி.

---

இரத்தினக்கல் (மலையகம்):

வணக்கம். மஞ்சள் கல்லைப் பற்றி நான் சொல்கிறேன், இலங்கையில் எங்கள் இரத்தினபுரிப் பக்கம் அதிகம் புழங்கும் கல் அது.

ஒப்படர்த்தி 4.00, ஆக கொரண்டம். ஆனால் மஞ்சள் கொரண்டம்தான் மூன்றிலும் கடினமான வழக்கு. செயற்கைக் கெம்பில் வளைகோடுகள் லூப்பிலேயே தெரியும், இசைத்தட்டின் பள்ளங்கள் மாதிரி. பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னுயி 1902-இல் அறிவித்த முறையில் அலுமினாத் தூள் சுடருக்குள் விழுந்து உருகி, உருண்ட தலையுள்ள ஒரு கட்டியாக அடுக்கடுக்காக வளர்கிறது. அடுக்குகள் வளைந்து இருப்பதால் கோடும் வளைந்தே வரும். நிலத்துக்குள் வளர்ந்த கல்லில் நிறப்பட்டைகள் நேராக, 120 டிகிரியில் மடங்கி வரும். செயற்கை மஞ்சளில் அந்த வளைவு கண்ணுக்கு அகப்படுவது அபூர்வம். ‘வளைகோடு இல்லை, ஆகவே இயற்கை’ என்று மஞ்சள் கல்லில் சொல்லவே கூடாது. உள்ளே ஒன்றுமே தெரியாத சுத்தமான மஞ்சள் கல் என்றால் இன்னும் கவனம்.

நீங்கள் ஓரத்தில் மூட்டம் என்று எழுதினீர்கள், அது நல்ல செய்தியாக இருக்கலாம். அந்த மூட்டத்தை வடிவாகப் பாருங்கோ. கல்லின் ஓரம் வழியே மெல்லிய டார்ச் வெளிச்சத்தை விட்டு, மேலிருந்து லூப்பில் பார்க்க வேண்டும். மூட்டம் மிக நுண்ணிய ஊசிகளாகப் பிரிந்து, ஊசிகள் 60, 120 டிகிரியில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போனால் அது பட்டுநூல் எனப்படும் ரூட்டைல். நீளமாக, அறாமல் இருந்தால் கல் இயற்கையானது, கடுஞ்சூடும் படவில்லை என்பதற்குப் பலமான அறிகுறி. ஊசிகள் அறுந்து புள்ளிப் புள்ளியாகக் கிடந்தால் இயற்கைதான், ஆனால் சூடு காட்டியிருக்கிறார்கள். உள்ளே சிறு படிகத்தைச் சுற்றி வட்டத் தட்டு மாதிரி வெடிப்பு நின்றாலும் சூட்டுக்கே சந்தேகம். மூட்டம் ஊசியாகவும் இல்லாமல், சின்னச் சின்ன உருண்டைக் குமிழிகளாகப் பிரிந்தால் அது சுடரில் செய்த கல்.

இலங்கைக் கற்களில் தேட வேண்டிய இன்னொரு அடையாளம் உண்டு. படிக வடிவிலேயே அமைந்த நுண்ணிய குழிகள், உள்ளே திரவக் கரியமில வாயு, அதில் மிதக்கும் ஒரு குமிழி. கரியமில வாயு 31 டிகிரிக்கு மேல் திரவமாக நிற்காது, அந்த வெப்பத்தில் குமிழி காணாமல் போகும். பகல் வெயிலில் சூடான அறையில், கையில் பிடித்துக்கொண்டே பார்த்தால் உங்களுக்குக் குமிழி தெரியாது. ஏ.சி. அறையில் கல்லைக் கொஞ்ச நேரம் ஆறவைத்துப் பாருங்கள், குமிழி திரும்பி வரும். கைச்சூட்டில் மறுபடி மறையும். இப்படிப்பட்ட குழி வெடிக்காமல் முழுதாக இருந்தால் அந்தக் கல் உலைக்குப் போகவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம், உலைச் சூட்டில் அந்தக் குழி உடைந்துவிடும். பெரிய குழியாக இருந்தால் லூப்பில் அகப்படும், இல்லாவிட்டால் 30, 40 மடங்கு நுண்ணோக்கி வேண்டும்.

உங்கள் 365 டார்ச்சை இங்கேயும் பயன்படுத்துங்கள். இலங்கை மஞ்சள் கொரண்டம் பலவும் ஆப்ரிகாட் பழ நிறத்தில், ஆரஞ்சு கலந்த மஞ்சளாக ஒளிரும். இரும்பு கூடிய தாய்லாந்து, அவுஸ்திரேலியக் கற்கள் ஒளிராமல் இருக்கும். ஒளிர்ந்தால் ஒரு நல்ல துணைச் சான்று. ஒளிராவிட்டால் அதை வைத்து ஒன்றும் தீர்மானிக்க ஏலாது. 395 நானோமீட்டர் ஊதா டார்ச்சுகள் மலிவாக விற்கும், அவற்றின் ஊதா வெளிச்சமே கல்லில் பட்டு ஏமாற்றும். உங்களிடம் 365 இருப்பது நல்லது. கண்ணில் மட்டும் நேரே படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சூடு காட்டுவது மோசடி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கெவுடா என்று எங்கள் பக்கம் சொல்லும் பால் போன்ற வெளிர் கொரண்டத்தை முன்பு பெரிதாக மதிக்க மாட்டார்கள். 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அதை வாங்கிப் போய், உயர் வெப்பத்தில், ஒக்சிசன் குறைந்த சூழலில் சூடாக்கி நீலமாக மாற்றினார்கள். பால் நிறத்துக்குக் காரணமான ரூட்டைல் ஊசிகள் கரைந்து, அதிலிருக்கும் டைட்டானியம் கல்லிலுள்ள இரும்போடு சேர்ந்து நீலம் தருகிறது. இன்று சந்தையிலுள்ள நீலம், மஞ்சள் கொரண்டத்தில் பெரும்பகுதி சூடு கண்டதே. சொல்லாமல் விற்பதுதான் பிழை, ஏனென்றால் சூடு காணாத கல்லின் விலை வேறு.

பட்டறைக் கருவி தோற்கும் இடம் பெரிலியம். 2000களின் தொடக்கத்தில் வந்த முறை இது. மிக உயர்ந்த சூட்டில் பெரிலியத்தைக் கல்லுக்குள் ஊடுருவ விட்டு, வெளிர் கல்லை ஆழ்ந்த மஞ்சளாகவும் ஆரஞ்சாகவும் ஆக்குகிறார்கள். லூப், தராசு, ரிஃப்ராக்டோமீட்டர், எதற்கும் அது அகப்படாது. லேசரால் கல்லில் கண்ணுக்குத் தெரியாத அளவு சுரண்டி வேதிப் பகுப்பு செய்யும் ஆய்வகத்தில்தான் தெரியும். மஞ்சள் கல்லை அனுப்பும்போது வெறுமனே ‘இயற்கையா’ என்று கேட்டால் இயற்கை என்ற பதிலே வரும். ‘சூடு உண்டா, பெரிலியம் பார்த்தீர்களா’ என்று தனியாகக் கேட்டு, பதிலை அறிக்கையில் எழுதி வாங்குங்கள்.

---

ஒப்படர்த்தி:

கருவி வாங்கும் வரிசைக்கும் ஒரு வார்த்தை, கேட்காவிட்டாலும் அடுத்து இதுதான் வரும். ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். பதித்த கல்லின் ஒப்படர்த்தியை எடுக்க முடியாது, ஒளிவிலகல் எண்ணை எடுக்கலாம். கொரண்டம் 1.762 முதல் 1.770, இயற்கை ஸ்பைனல் 1.718, செயற்கை ஸ்பைனல் 1.728. தராசு பிரிக்காத அந்த இரண்டு ஸ்பைனலையும் இது ஒரே பார்வையில் பிரித்துவிடும்.

கல்லுக்கும் கருவியின் கண்ணாடிக்கும் நடுவே விடும் தொடு திரவம் குண்டூசித் தலை அளவு ஒரு துளி போதும். அதிகம் விட்டால் கல் மிதந்து நிழல்கோடு மங்கும். கல்லை நேராக அதன்மேல் வைக்காமல், உலோகத் தட்டில் வைத்து விரலால் மெதுவாகத் தள்ளிக் கண்ணாடியின் மேல் கொண்டுவாருங்கள். அந்தக் கண்ணாடி மிக மென்மையானது, கொரண்டத்தின் ஓரம் ஒருமுறை இழுத்தால் கீறல் நிரந்தரம். சாமணம் அதன் பக்கமே போகக்கூடாது. திரவம் காய்ந்தால் கந்தகம் படிகமாகப் படியும், சுரண்டாமல் புதுத்துளி விட்டுக் கரைத்துத் துடையுங்கள். நச்சுத் திரவம், கையில் பட்டால் உடனே கழுவ வேண்டும், காற்றோட்டமான இடத்தில்தான் திறக்க வேண்டும். 1.81-க்கு மேல் இந்தக் கருவி வாசிக்காது. சிர்கான், செயற்கை வைரம் என்று விற்கும் கியூபிக் சிர்கோனியா, வைரம் எல்லாம் அதற்கு அப்பால்.

---

ஊதுகுழல்:

கடைசியாக, மூன்று கல்லையும் எப்படிப் பதிப்பது.

நீலம், அதாவது செயற்கை ஸ்பைனல்: கடினம் 8, பதிக்கும்போது தொந்தரவு தராது. வேலைச் சீட்டில் ‘செயற்கை நீல ஸ்பைனல், 5.10 காரட்’ என்று எழுதி, வாடிக்கையாளரைக் கையெழுத்திடச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

மஞ்சள்: ஆய்வக முடிவு வரும் வரை பதிக்க வேண்டாம், பதித்துவிட்டால் சோதனைக்குத் திரும்பக் கழற்ற வேண்டிவரும். கொரண்டம் சூடு தாங்கும் என்ற நம்பிக்கையில் கல்லோடு ஊதுவார்கள். வெங்காரம் பட்ட கொரண்டத்தைச் சூடாக்கினால் மேல் பட்டை அரித்து மெருகு போய்விடும், மறுபடி பட்டை தீட்டித்தான் ஆக வேண்டும். வைரத்துக்குப் பாதுகாப்பாகப் பூசும் போரிக் அமிலப் பூச்சும் கொரண்டத்துக்கு அதே கேடுதான். சூட்டோடு திராவகத்திலோ நீரிலோ போட்டால் உள்ளே இருக்கும் படிகத்திலிருந்து வெடிப்பு ஓடும். கூடு முழுவதையும் ஊதி, திராவகத்தில் போட்டு, மெருகேற்றி முடித்த பிறகே கல்லை வையுங்கள்.

சிவப்பு: பிராங்குக்குப் பதில் கல்லைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும் சுற்றுக்கூடு வையுங்கள், பின்னால் பிராங்க் தேய்ந்து டார்ச் காட்ட வேண்டிய தேவையே வராது. விளிம்பை மடக்கும்போது வெடிப்பு மேலே வந்து சேரும் இடங்களில் அழுத்தாமல், முதலில் லூப்பில் பார்த்து அந்த இடங்களை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். மோதிரத்தின் அளவை முன்கூட்டியே இரண்டு முறை சரிபாருங்கள். பிற்பாடு அளவு மாற்ற வேண்டி வந்தால் கல்லைக் கழற்றியே ஆக வேண்டும், இல்லையென்றால் லேசர் வெல்டிங் உள்ள இடத்தில் கொடுக்க வேண்டும். வேலைச் சீட்டில் ‘ஈயக் கண்ணாடி நிரப்பிய கெம்பு, நெருப்பும் அமிலமும் கூடாது’ என்று எழுதி ஒரு நகலை மோதிரப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். அடுத்து அதைத் திருத்தப் போவது வேறொரு பட்டறையாக இருக்கலாம்.